ஒரே ஒரு கொள்ளைநோய் நாவல் வாசிக்க வேண்டுமென்றால் எதை எடுப்பது?

“உலகமே நோயில் அழிந்தபிறகு மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சொல்கிற நாவல் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டால், பெரும்பாலும் பத்துப் பெயர் கொண்ட பட்டியல் ஒன்று கைக்கு வரும். பத்தும் நல்ல பெயர்கள்தான். ஆனால் கேட்டவருக்கு வேண்டியது ஒன்று. இவற்றில் சில நாவல்கள் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். தெரியாமல் அதில் கை வைத்தால் இரண்டு மாதம் போய்விடும்.

2020க்குப் பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. கோவிட்டை முன்கூட்டியே சொன்ன நாவல் எது என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தேடல் வீண் என்பது என் எண்ணம். 1918இல் பரவிய இன்ஃபுளுவென்சா உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைத் தொற்றி, ஏறக்குறைய 5 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். அப்போதும் ரயில் ஓடியது, சம்பளம் போட்டார்கள், தேர்தல் நடந்தது. நாவலாசிரியருக்கு அது போதாது. அவருக்குக் காலியான சாலை வேண்டும், பூட்டாத கடை வேண்டும். அதற்காக நூற்றுக்கு 99 பேரைக் கொல்லும் ஒரு நோயை அவரே உண்டாக்கிக்கொள்கிறார். நோய் விஷயத்தில் யார் துல்லியம் என்று பார்த்து நாவலைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்.

நான் பார்ப்பது வேறு கணக்கு. கதை சொல்பவர் நோயிலிருந்து எத்தனை வருடம் தள்ளி நிற்கிறார்? நடுவிலேயே நிற்கிறாரா, இருபது வருடம் கழித்தா, அறுபது வருடம் கழித்தா? இந்த ஒன்றைக் கேட்டாலே பட்டியலில் பாதி விலகிவிடும். ஏனென்றால் நோயின் நடுவே நிற்கும் நாவலில் பயமும் காத்திருப்பும்தான் கதை. தள்ளி நிற்பதில்தான் பிழைப்பு கதையாகிறது.

முதலில் நடுவில் நிற்பவை. இந்த வகையில் எல்லோரும் சொல்வது ஆல்பெர் காம்யு 1947இல் வெளியிட்ட ‘தி பிளேக்’. அல்ஜீரியக் கடற்கரையில் உள்ள ஓரான் நகரம். எலிகள் செத்து விழுகின்றன, பிறகு மனிதர்கள், பிறகு நகரக் கதவுகளை மூடிவிடுகிறார்கள். பெரிய நாவல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிழைப்பு நாவல் கேட்டவரிடம் இதைக் கொடுத்தால் அவர் கேட்டது கிடைக்காது. ஓரானில் எதுவும் இடிந்து விழவில்லை. அலுவலகம் நடக்கிறது, உணவகம் நிரம்புகிறது, நகராட்சிக் குமாஸ்தா கிராண்ட் வீட்டுக்குப் போய்த் தன் நாவலின் முதல் வாக்கியத்தையே நூறாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். கடைசியில் கதவுகளும் திறக்கின்றன.

இந்த நாவலின் மையம் நோய் அல்ல, பிரிவு. டாக்டர் ரியூவின் மனைவி கதை தொடங்கும்போதே சிகிச்சைக்காக ஊரைவிட்டுப் போய்விடுகிறார். பிறகு கதவு மூடிவிடுகிறது. பாரிஸிலிருந்து வேலையாக வந்த பத்திரிகைக்காரர் ராம்பேர், தான் இந்த ஊர்க்காரனே இல்லை, காதலியிடம் போக வேண்டும் என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறார். காம்யு இதைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. காசநோய்க்காரரான அவர் 1942இல் உடல் தேறுவதற்காக பிரான்ஸின் மலைப்பகுதிக்குப் போனார். மனைவி பிரான்சின் முன்னதாக ஓரானுக்குத் திரும்பினார். அந்த நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்க, இருவருக்கும் இடையே போர் புகுந்துகொண்டது. ஆக, ஊரடங்கில் யாரையாவது பார்க்க முடியாமல் இருந்த நாட்களை மறுபடி நினைத்துப்பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல நாவல் இல்லை. காலி நகரத்தில் டின் உணவைத் தேடும் கதை வேண்டுமென்றால் இதில் கிடையாது.

ஜோஸே சரமாகோவின் ‘பிளைண்ட்னெஸ்’ (1995) இதே தூரத்தில்தான் நிற்கிறது, ஆனால் பல மடங்கு கொடூரம். பார்வை போவதே தொற்றுநோய். முதலில் பாதிக்கப்பட்டவர்களைக் கைவிடப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையில் அடைத்து வெளியே ராணுவத்தை நிறுத்துகிறார்கள். ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் கண் தெரிகிறது. கணவரோடு இருப்பதற்காகக் குருடி போல் நடித்து உள்ளே வந்துவிடுகிறார். யாருக்கும் பெயர் கிடையாது, மேற்கோள் குறி கிடையாது, பக்கக் கணக்கில் நீளும் பத்திகள். உணவுப் பெட்டிகளை ஒரு கும்பல் பிடித்துக்கொண்டபிறகு வரும் பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தாங்க முடியாமல் நான் புத்தகத்தை மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். தெரிந்தே எடுப்பது நல்லது. பரிசாக யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஸ்டீபன் கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ நடுவில் தொடங்கித் தள்ளிப்போகிறது. 1978இல் வந்தது, வெட்டிய பகுதிகளைச் சேர்த்து 1990இல் மறுபடி வந்தது, அது 1,100 பக்கத்துக்கு மேல். ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய காய்ச்சல் நூற்றுக்கு 99.4 பேரைக் கொல்கிறது. நோய் பரவுவதை இவரைப் போல எழுதியவர் யாருமில்லை. நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் வேகமாகப் போன காப்பீட்டு விற்பனையாளரை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதுகிறார். காவலரிடமிருந்து விற்பனையாளருக்கு, அவர் சாப்பிட நுழைந்த இடத்தில் இருந்தவர்களுக்கு, அங்கிருந்து ஊர் ஊராக. இருமல் தவிர வேறு எந்தச் சம்பவமும் இல்லாத அந்தச் சில பக்கங்களைத் தொற்றியல் வகுப்பிலேயே பாடமாக வைக்கலாம்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பிரச்சினை. எல்லோரும் செத்தபிறகு மிஞ்சியவர்கள் கனவில் வரும் ஒரு மூதாட்டியை நோக்கிப் பாதிப் பேர், லாஸ் வேகஸில் உட்கார்ந்திருக்கும் ஓர் இருண்ட மனிதனை நோக்கிப் பாதிப் பேர் என்று பிரிந்துவிடுகிறார்கள். கதை கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் சண்டையாகிவிடுகிறது. நடுவில் போல்டர் நகரத்தில் பிணங்களை அப்புறப்படுத்துவது, மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவருவது, கமிட்டி போடுவது என்று அருமையான பகுதி வருகிறது. அது இன்னும் இருநூறு பக்கம் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. புராணச் சண்டை பிடித்தவர்கள் தாராளமாக எடுக்கலாம். விடுமுறை நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி தள்ளி நிற்பவை.

எதை எடுப்பது என்று இன்னும் முடிவுக்கு வராதவர்கள் ஒரு மாலையில் முடியக்கூடிய ஜாக் லண்டனின் ‘தி ஸ்கார்லெட் பிளேக்’ குறுநாவலை முதலில் வாசித்துப் பார்க்கலாம். 1912இல் வந்தது, பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கதை நடப்பது 2073இல். நோய் வந்தது 2013இல். சான் ஃபிரான்சிஸ்கோ அருகே கடற்கரையில் ஆட்டுத்தோல் உடுத்திய ஒரு கிழவர், ஒரு காலத்தில் பெர்க்லியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். அவர்கள் காதில் பாதி ஏறவில்லை. நகரத்தில் எத்தனை லட்சம் பேர் இருந்தார்கள் என்று சொல்லக் கூழாங்கல்லும் சிப்பியும் அடுக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. ‘ஸ்கார்லெட்’ என்று கிழவர் சொன்னதும் ஒரு பேரன் எரிச்சலாகிறான்: சிவப்பு என்றால் சிவப்பு, அதற்கெதற்கு இன்னொரு சொல்?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் குறுநாவலை நான் விடமாட்டேன். நாகரிகம் அழிவதைக் காட்டக் கோபுரம் இடிய வேண்டியதில்லை, ஒரு நிறத்துக்கு இரண்டு பெயர் எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டால் போதும். குறையும் உண்டு. கார் ஓட்டி ஒருவன் கோடீஸ்வரரின் மனைவியை அடிமையாக்கி வைத்திருப்பதை லண்டன் சொல்லும் விதத்தில், பெண் பட்ட துன்பத்தைவிட ‘கீழ்’ வர்க்கத்தான் ‘மேல்’ வர்க்கப் பெண்ணைத் தொட்டான் என்ற அதிர்ச்சிதான் கிழவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. அது கிழவரின் குணமா, ஆசிரியரின் குணமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதை வாசித்துவிட்டு அந்தப் பேரப்பிள்ளைகள் பக்கம் மனம் போகிறதா, கிழவர் குகையில் பத்திரப்படுத்திய புத்தகங்கள் பக்கம் போகிறதா என்று பாருங்கள். உண்மையான போட்டி இருக்கும் இரண்டு நாவல்களில் எது உங்களுக்கு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்று எமிலி செயின்ட் ஜான் மாண்டெலின் ‘ஸ்டேஷன் லெவன்’ (2014). டொரோண்டோ நாடக அரங்கில் லியர் மன்னராக நடித்துக்கொண்டிருக்கும் ஆர்தர் மேடையிலேயே மாரடைப்பில் இறக்கிறார். அன்றிரவே ஜார்ஜியாக் காய்ச்சல் நகரத்துக்குள் வந்துவிட்டது. அந்த மேடையில் நின்ற எட்டு வயதுச் சிறுமி கிர்ஸ்டன், இருபது வருடம் கழித்து, வட அமெரிக்காவின் பேரேரிகளின் கரையோரம் ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் குழுவில் நடிகை. எஞ்சின் கழற்றிய பிக்கப் வண்டிகளைக் குதிரைகள் இழுக்கின்றன. பிழைத்திருந்தால் மட்டும் போதாது என்பது குழுவின் வாசகம். ஏதோ பழைய தத்துவ ஞானி சொன்னது என்று நினைத்துவிடாதீர்கள், ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்தது.

இன்னொன்று ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட் 1949இல் எழுதிய ‘எர்த் அபைட்ஸ்’. தலைப்பு பைபிளின் பிரசங்கி புத்தகத்தில் வருவது: பூமியோ என்றைக்கும் நிலைத்திருக்கிறது. இஷ் என்ற ஆராய்ச்சி மாணவனை மலையில் பாம்பு கடித்துவிடுகிறது. தனியாகக் கிடந்து, காய்ச்சல் தணிந்து இறங்கி வந்தால் ஊரில் ஆளில்லை. நியூயார்க் வரை காரில் போய்ப் பார்த்துவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து வீட்டுக்கே திரும்புகிறான். எம் என்ற பெண் வருகிறாள், குழந்தைகள் பிறக்கிறார்கள், சிறு கூட்டம் சேர்கிறது. அவன் கிழவனாகிச் சாகும் வரை கதை போகிறது. ஸ்டூவர்ட் பெர்க்லியில் ஆங்கிலப் பேராசிரியர். ஜாக் லண்டன் தன் கிழவருக்குக் கற்பனையில் கொடுத்த அதே வேலை, அதே வளைகுடா. தற்செயலா தெரியாது, அடுத்தடுத்து வாசித்தால் இரண்டும் ஒரே நாவலின் இரு பாகம் போல இருக்கும்.

எழுத்து சுகத்தில் மாண்டெல்தான் முன்னால். அத்தியாயங்கள் சிறியவை, ஆங்கிலம் எளிது, காலம் முன்னும் பின்னும் தாவினாலும் வழி தப்பாது. இனி இல்லாதவற்றை அடுக்கும் ஓர் அத்தியாயம் வரும்: விளக்கு எரியும் நீச்சல்குளம் இல்லை, விமானம் இல்லை, நாய் கடித்தாலோ விரல் கிழிந்தாலோ பிழைப்போம் என்ற நிச்சயம் இல்லை. ஒப்பாரியில் போனவரின் குணங்களை அடுக்குவதைப் போல ஒரு தொனி அதில் உண்டு. விமானம் தரையிறங்கிய இடத்திலேயே வருடக்கணக்காகத் தங்கிப்போனவர்கள், செல்போனையும் கிரெடிட் கார்டையும் குதிகால் செருப்பையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். அப்புறம் ஜீவன் சௌத்ரி. முன்பு பிரபலங்களைத் துரத்திப் படம் எடுத்தவர். மருத்துவ நண்பரின் ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி ஏழு தள்ளுவண்டி நிறைய மளிகை வாங்கி, சக்கர நாற்காலியில் இருக்கும் சகோதரரின் அடுக்குமாடி வீட்டுக்கு ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போகும் பகுதியை 2020 மார்ச்சுக்குப் பிறகு வாசிப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும்.

எனக்குள்ள மனக்குறை, கடினமான இடங்களை மாண்டெல் கடந்து போய்விடுகிறார் என்பது. கிர்ஸ்டனுக்கு முதல் வருடம் நினைவில்லை. கையில் கத்தி வடிவில் பச்சை குத்தியிருக்கிறாள், ஒவ்வொன்றும் அவள் கொன்ற ஓர் ஆளுக்கு. ஆனால் அதைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் பேசுவாள். மிஞ்சியவர்களில் முக்கியமான எல்லோருக்கும் இறந்த அந்த நடிகரோடு ஏதோ தொடர்பு இருப்பதும் கொஞ்சம் வலிந்து செய்த வேலை. பயிர் யார் வைத்தார்கள், பிரசவம் யார் பார்த்தார்கள் என்று கேட்டால் நாவல் நாடகத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடும்.

ஸ்டூவர்ட் அங்கேதான் உட்கார்ந்துகொள்கிறார். மின்சாரம் உடனே போகவில்லை, ஆள் பார்க்காமலே கொஞ்ச காலம் ஓடி, பிறகு மங்கி அணைகிறது. எறும்புகள் பெருகி ஊரையே மூடுகின்றன, பிறகு தாமாகவே மடிகின்றன. அடுத்து எலிகள். கடைகளில் டின் உணவு தீராமல் கிடப்பதால் யாரும் விதைப்பதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது, அதனால் அது எங்கிருந்து வருகிறது என்று இருபது வருடமாக ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. ஒரு நாள் நின்றுவிடுகிறது. இந்த நாவலில் என்னை உண்மையிலேயே பயமுறுத்திய இடம் அதுதான். அந்த இடத்தில் வில்லன் கிடையாது, கொள்ளைக்கும்பல் கிடையாது. நல்ல மனிதர்கள், சோம்பலானவர்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள்.

இஷ் பள்ளிக்கூடம் நடத்திப் பார்க்கிறான். பல்கலைக்கழக நூலகம் அப்படியே நிற்கிறது, அதைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அவர்களுக்கு எழுத்து எதற்கு என்றே தெரியவில்லை. நூலகத்தைவிட அவன் கையில் வைத்திருக்கும் பழைய சுத்தியல்தான் அவர்களுக்குச் சாமி மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் அவன் கற்பித்ததில் ஒட்டியது ஒன்றே ஒன்று, விளையாட்டாகச் செய்து கொடுத்த வில்லும் அம்பும். தோட்டா தீர்ந்த காலத்தில் நாணயங்களைத் தட்டி அம்பு முனை செய்கிறார்கள். பணத்துக்கு வேறு என்ன பயன் என்று அவர்களிடம் கேட்டால் விழிப்பார்கள்.

மாண்டெலின் உலகத்தில் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரைக் காண வருகிறார்கள், ஸ்டூவர்ட்டின் உலகத்தில் வரமாட்டார்கள். எது நடக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் ஸ்டூவர்ட் பக்கம் கட்டுவேன். இருபது வருடத்தில் கைவிட்டுப் போகும் விஷயம் எவ்வளவு என்பது, தாத்தா செய்த வேலையைத் தாமே செய்து பார்க்க முயன்ற எவருக்கும் தெரியும்.

வயதான நாவல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன்னைத் தவிர யாருக்கும் மூளை இல்லை என்பது போல் இஷ் எல்லோரையும் எடை போடுவது சில இடங்களில் எரிச்சலூட்டும். மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணை நாவல் நடத்தும் விதம் இன்றைக்கு நெருடும். பெண்கள் பெரும்பாலும் பெறுகிறார்கள், சமைக்கிறார்கள். எம் மட்டும் விதிவிலக்கு; முடிவெடுக்க வேண்டிய நேரங்களில் கூட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது அவள்தான். அவள் கறுப்பினப் பெண் என்பதை ஸ்டூவர்ட் பூடகமாக ஓரிரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார். கலிபோர்னியாவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்ளத் தடை இருந்ததும், அந்தத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1948இல்தான் நீக்கியதும் தெரிந்தால், மறு ஆண்டு வந்த ஒரு நாவலில் அந்த ஓரிரு வரியின் கனம் புரியும்.

லிங் மாவின் ‘செவரன்ஸ்’ (2018) இந்தக் கணக்குக்குள் சரியாக அடங்காது, ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. ஷென் காய்ச்சல் பிடித்தவர்கள் பழக்கப்பட்ட வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்து சாகிறார்கள்: மேசையில் தட்டு வைப்பது, எடுப்பது, மறுபடி வைப்பது. காய்ச்சல் பிடிக்காத கதாநாயகி காண்டஸும் ஒப்பந்தப்படி தொகை கிடைக்கும் என்று காலியான நியூயார்க்கில் தினமும் அலுவலகத்துக்குப் போய் வருகிறாள். நோயாளி யார் என்று கேட்க வைத்துவிடும். அலுவலக வேலையில் அலுத்தவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு, சிரிப்பும் வரும்.

சரி, ஒன்றுதான் என்றால்? ‘எர்த் அபைட்ஸ்’. முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், இஷ் காலி ஊரில் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பான், பேச்சுத்துணை இருக்காது. அதைக் கடந்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். இந்த வகை நாவல் இதுவரை ஒன்றுகூட வாசிக்காதவர், அல்லது ஆங்கில நாவலே அதிகம் வாசித்துப் பழகாதவர் என்றால் மட்டும் ‘ஸ்டேஷன் லெவன்’ எடுங்கள். நெருங்கியவர் ஒருவரை அண்மையில் நோயில் இழந்தவர் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிட்டு ‘தி பிளேக்’ எடுக்கலாம். காம்யுவின் டாக்டர் ரியூ பெரிய வார்த்தை எதுவும் சொல்லாமல் அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போவார், அப்படி ஒருவர் கூட இருப்பது நல்லது.

‘ஸ்டேஷன் லெவன்’ 2021இல் பத்துப் பகுதித் தொடராக வந்தது. அதைப் பார்த்துவிட்டேன், நாவல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தொடரில் அந்த முதல் இரவு ஜீவன் சிறுமியைத் தன்னோடு அழைத்துப் போய்விடுகிறார். நாவலில் அரங்கத்தோடு இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வேறு கதை.